பணிநேரமும் புனைவும்: பல்லடம்–திருப்பூர் வட்டாரத்தில் வேலையோடு எழுத்தாளராதல்

தமிழில் புனைகதை எழுதுவதை மட்டுமே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்தியவர்கள் மிகச் சிலர். நவீனத் தமிழ் நாவலின் பெரும்பகுதி, பகற்பொழுதை வேறொரு வேலைக்குக் கொடுத்துவிட்டு எஞ்சிய நேரத்தில் எழுத உட்கார்ந்தவர்களால் ஆக்கப்பட்டது. நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தில் பொறியாளராகவும், பூமணி தமிழகக் கூட்டுறவுத் துறையில் அதிகாரியாகவும், ப. சிவகாமி இந்திய ஆட்சிப் பணியிலும் இருந்துகொண்டே நாவல் எழுதினர். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடையையும், ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தம் கடையையும் கவனித்தபடி எழுதினர். எனவே வேலை பார்த்துக்கொண்டு எழுத முடியுமா என்ற கேள்விக்கு இலக்கிய வரலாறு முன்பே விடை சொல்லிவிட்டது. இனிக் கேட்க வேண்டியது, எத்தகைய வேலை எத்தகைய எழுத்துக்கு இடம் கொடுக்கிறது என்பதுதான். இக்கேள்வியைத் தெளிவாக எழுப்பும் இடங்களுள் ஒன்று, விசைத்தறிக்கும் பின்னலாடைக்கும் பேர்பெற்ற பல்லடம்–திருப்பூர் வட்டாரம்.

வேலை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கான கணக்கு எளியது. புத்தக விலையில் எழுத்தாளருக்குப் பதிப்பாளர் தரும் பங்கு உரிமைத்தொகை எனப்படுகிறது. அது பெரும்பாலும் விலையில் பத்து விழுக்காடு என்பது வழக்கம். 300 ரூபாய் விலையுள்ள நாவல் ஆயிரம் படிகள் விற்றால் எழுத்தாளருக்குச் சேர்வது 30,000 ரூபாய். ஆயிரம் படிகள் விற்பதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். அந்த நாவலை எழுதுவதற்கும் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆகவே மாதச் சம்பளம் எழுத்துக்குத் தடையாக நிற்பதைக் காட்டிலும், பெரும்பாலும் அதற்கு முதலீடாகவே அமைகிறது. சம்பளத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் அடைபடும்போது, எழுதுபவர் வாரப் பத்திரிகையின் பக்க அளவுக்கோ பதிப்பாளரின் அவசரத்துக்கோ தம் கதையை வளைக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது. வேலை தரும் முதல் சுதந்திரம் இதுதான். எழுதத் தொடங்கும் இளைஞர்கள் இதனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆயினும் எல்லா வேலையும் இந்தச் சுதந்திரத்தை ஒரே அளவில் தருவதில்லை. பல்லடம் பகுதியில் தறிக்குடோன் என்று அழைக்கப்படும் விசைத்தறிக் கூடங்களில் நெய்யப்படுவது பெரும்பாலும் காடா துணி, அதாவது வெளுக்காத, சாயமிடாத துணி. தறி உரிமையாளர்களில் பலர் கூலிக்கு நெய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து பாவு எனப்படும் நெடுக்கு நூலையும் ஊடை எனப்படும் குறுக்கு நூலையும் பெற்று, துணியாக்கித் திருப்பிக் கொடுத்து, அளவுக்கேற்ற கூலியைப் பெறுகிறார்கள். அந்தக் கூலி உயர்வுக்காக இவ்வட்டாரத்தில் பலமுறை வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது. 2022இன் தொடக்கத்திலும் நடந்தது. தறி ஓட்டுபவருக்கும் நெய்த அளவுக்கேற்பவே கூலி. பல கூடங்களில் வேலை பகல், இரவு என்று பன்னிரண்டு மணி நேரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எப்படிப்பட்டது என்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். சாதாரண விசைத்தறியில் ஊடை நூல் தார்க்குச்சியில் சுற்றப்பட்டு நாடாவுக்குள் பொருத்தப்படுகிறது. நாடா பாவின் குறுக்கே இடமும் வலமுமாக ஓடி நூலை விட்டுச் செல்கிறது. தார் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தறியை நிறுத்தி, தீர்ந்த தாரை எடுத்துப் புதியதைப் பொருத்தி, மறுபடி ஓட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த தறியில் தார் தீர்ந்திருக்கும், அல்லது பாவில் ஓர் இழை அறுந்திருக்கும். அறுந்த இழையைக் கவனிக்காமல் விட்டால் துணியில் கோடு விழும், கூலியில் பிடித்தம் வரும். நான்கு, ஆறு, எட்டுத் தறிகளை ஒருவரே பார்த்துக்கொள்ளும் கூடத்தில் கண்ணுக்கு ஓய்வில்லை. தறியின் இரைச்சலில் பேச்சும் கேட்காது. கையால் செய்யும் வேலையில் மனம் தன்போக்கில் கதை புனைந்துகொண்டிருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவதுண்டு. தறிக்குடோன் மனத்தை அப்படி விட்டுவைப்பதில்லை.

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் நேரம் வேறொரு வகையில் நிச்சயமற்றதாகிறது. காலை 8.30 மணியிலிருந்து மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட் என்றும், இரவு 8.30 அல்லது 9 மணி வரை நீண்டால் ஒன்றரை ஷிப்ட் என்றும், நள்ளிரவைத் தாண்டினால் இரண்டு ஷிப்ட் என்றும் கணக்கிடுவது ஊர் வழக்கு. நூல் நிட்டிங்கில் துணியாகி, சாயப்பட்டறை சென்று, துணியைச் சீராக்கும் காம்பேக்டிங் முடிந்து, கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கடந்து கப்பலேறும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் சாயத்தின் நிறம் மாறிப்போனாலும் நூல் வரத் தாமதமானாலும் கப்பல் நாள் மாறாது; இழந்த நாள்களை எல்லாம் கடைசிக் கட்டங்களில் வேலை செய்பவர்களின் இரவுகளே ஈடு செய்கின்றன. ஆகவே தையல் மெஷினிலோ செக்கிங் மேசையிலோ இருப்பவர் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அன்று எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பதை அறிய மாட்டார்.

இங்கேதான் இவ்வட்டாரத்தின் இலக்கிய வரலாறு கவனத்துக்குரியதாகிறது. கொங்கு மண்ணின் வாழ்வையும் பேச்சையும் நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி, தாராபுரம் பக்கத்துக் கீரனூரைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம். அவருடைய ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தது. அந்நாவலின் உலகம் வேளாண்மை. தொழில் நகரமாகிய திருப்பூர் நாவலுக்குள் வந்தது அடுத்தடுத்த தலைமுறையினரால். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் அதைச் சார்ந்த வாழ்வும் கெட்டழிந்ததைச் சொல்லும் ‘சாயத்திரை’ 1998இல் வெளிவந்தது. அதை எழுதிய சுப்ரபாரதிமணியன் தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றியவர், பணி நிமித்தம் ஹைதராபாத்தில் வாழ்ந்தவர், ‘கனவு’ என்ற சிற்றிதழை நடத்தியவர். பின்னலாடைத் தொழில் வளர்ந்த காலத்தில் திருப்பூரில் இளைஞர்களாக இருந்த நண்பர்களின் வாழ்க்கையை விரிவாகச் சொல்லும் ‘மணல் கடிகை’ 2004இல் வந்தது. அதை எழுதிய எம். கோபாலகிருஷ்ணன் திருப்பூரில் பிறந்தவர், பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். பம்பாயில் ஜவுளி ஆலைகளுக்கான பொருள்களை விற்கும் நிறுவனத்தில் சேர்ந்து, ஊர் ஊராகச் சுற்றி, பின்னர் கோவைக்கு மாற்றலாகி வந்த நாஞ்சில் நாடன், ‘தலைகீழ் விகிதங்கள்’ தொடங்கித் தம் முக்கியமான நாவல்களை எல்லாம் அந்தப் பணிக்காலத்திலேயே எழுதினார்.

இவர்களுள் திருப்பூரை எழுதியவர்கள் எவரும் கதைப்பொருளுக்கு வெகுதூரத்தில் இருந்தவர்கள் அல்லர். ஆனாலும் இவர்களது வேலை தையல் மெஷினிலோ தறியிலோ இல்லை. சம்பள நாளும் விடுமுறையும் முன்கூட்டியே தெரிந்த வேலை. எழுத்துக்குத் தேவைப்படுவது அதிகமான நேரத்தைக் காட்டிலும் வரையறுத்த நேரம் என்பதை இது உணர்த்துகிறது. வரையறுத்த நேரம் என்பது, நாளைக்கும் அடுத்த வாரமும் இதே பொழுது தமக்கே உரியதாக இருக்கும் என்று ஒருவர் நம்பக்கூடிய நேரம். சிறுகதையை ஓர் இரவின் வேகத்தில் எழுதிவிடலாம். பல நூறு பக்கம் நீளும் நாவலுக்கு அத்தகைய நம்பிக்கையுள்ள பொழுதுகள் நூற்றுக்கணக்கில் வேண்டும்.

உலக இலக்கியமும் இதற்குச் சான்று தருகிறது. ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலோப் பிரிட்டன் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். அவர் அதிகாலை 5.30 மணிக்கு எழுத உட்கார்ந்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று தமக்கே இலக்கு வைத்து, அலுவலகம் செல்லுமுன் அன்றைய பகுதியை முடித்துவிடுவார். பிராகாவில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908இல் சேர்ந்த ஃபிரான்ஸ் காஃப்காவுக்குப் பிற்பகல் இரண்டு மணியோடு அலுவலகம் முடிந்தது. அவர் இரவில் எழுதினார். 1912 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் ‘தீர்ப்பு’ என்ற கதையை ஒரே அமர்வில் முடித்தார். இருவரின் முறைகளும் நேரெதிரானவை. ஆனால் இருவருக்கும் வேலை எப்போது முடியும் என்பது தெரிந்திருந்தது. காஃப்காவின் அலுவலகப் பணியில் மரம் இழைக்கும் எந்திரங்களால் தொழிலாளர் விரல் இழப்பதைத் தடுப்பது குறித்த அறிக்கை எழுதுவதும் அடங்கியிருந்தது என்பதையும், எந்திரத்தின் முன் நிற்கும் மனித உடலைப் பற்றிய அறிவு அவருக்கு அங்கிருந்துதான் வந்தது என்பதையும் தொழில் நகரத்து எழுத்தாளர்கள் நினைவில் கொள்வது பயன்தரும்.

பல்லடம்–திருப்பூர் வட்டாரத்தில் எழுத முனைபவர் சந்திக்கும் அடிப்படைச் சிக்கல் இதுதான்: கதைப்பொருளுக்கு மிக அருகில் இருப்பவரிடம் மாலைப்பொழுது இல்லை, மாலைப்பொழுது உள்ளவர் கதைப்பொருளிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறார். இந்த இடைவெளியை எவ்வாறு கடப்பது என்பதே இங்கு எழுத்துப் பயிற்சியின் சாரம். அதற்கு அனுபவத்தில் தேர்ந்த சில வழிமுறைகள் உண்டு.

முதலாவது, சேகரிக்கும் வேலையையும் ஆக்கும் வேலையையும் வெவ்வேறாகப் பிரித்துக்கொள்வது. சேகரிப்பதற்குத் தனிநேரம் வேண்டியதில்லை; பணியிடத்திலேயே அது நடக்கிறது. ஆனால் எதைச் சேகரிப்பது என்பதில் தெளிவு வேண்டும். கருத்துகளும் தீர்ப்புகளும் எந்நாளும் கிடைக்கும், மறந்துபோவது நுண்விவரமே. செக்கிங் மேசையில் நிற்கும் பெண் பனியனை முதலில் வெளிப்புறமும் பின்னர் உட்புறமும் திருப்பிப் பார்த்து, எண்ணெய்க் கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் ஆகியவற்றைக் கண்டதும் அந்த இடத்தைச் சுட்டும் சிறு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுகிறார். அந்த ஸ்டிக்கர்கள் எடுக்க வசதியாக அவரது மணிக்கட்டிலோ மேசை விளிம்பிலோ முன்கூட்டியே வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. இப்படி ஒரு விவரத்தை அன்றிரவே இரண்டு வரியில் குறித்துவைத்தால், பல ஆண்டு கழித்து எழுதும் அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் தன் மணிக்கட்டைப் பார்ப்பதொன்றே அவளது பகல் முழுவதையும் சொல்லிவிடும். குறிக்காமல் விட்டால் ‘கடினமாக உழைத்தாள்’ என்ற பொதுவாக்கியமே எஞ்சும். செல்பேசியில் தமிழில் பேசினாலே எழுத்தாகப் பதியும் வசதி வந்துவிட்ட இக்காலத்தில், பல்லடத்திலிருந்து திருப்பூருக்கோ கோவைக்கோ செல்லும் பேருந்தில் அமர்ந்தபடியே இக்குறிப்புகளைச் சேர்க்க முடிகிறது. ஷிப்டு முடிந்து கை ஓய்ந்த தொழிலாளிக்கும் இவ்வழி திறந்திருக்கிறது.

இரண்டாவது, ஆக்கும் வேலைக்குச் சிறிய, ஆனால் மாறாத ஒரு பொழுதை ஒதுக்குவது. அதிகாலையா இரவா என்பது அவரவர் உடலையும் வீட்டையும் பொறுத்தது. அலுவலக வேலை மூளையைத் தேய்ப்பதாக இருந்தால் அதிகாலையே உகந்தது. உடலுழைப்பு மிகுந்த வேலையாக இருந்தால் ஒரு சிறு தூக்கத்துக்குப் பிந்தைய இரவுப்பொழுது சிலருக்கு ஒத்துவருகிறது. அப்பொழுதில் எத்தனை பக்கம் வந்தது என்பதைவிட, அது நாள்தோறும் காக்கப்பட்டதா என்பதே முக்கியம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வாரத்தில் ஐந்து நாள் எழுதினால் ஓராண்டில் 260 பக்கம் சேரும்; திருத்தத்தில் பாதி கழிந்தாலும் ஒரு குறுநாவல் எஞ்சும்.

மூன்றாவது, இடைவெளிக்குப் பின் தொடர்வதற்கான ஏற்பாடு. ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்திலும், வீட்டில் நோய்நொடி வரும்போதும் எழுத்து நிற்கத்தான் செய்யும். தறியில் ஒரு பாவு தீரும் தறுவாயில் நெசவாளர் அதை முழுவதும் ஓடவிடுவதில்லை; பழைய பாவின் நுனி இழைகளை, அவை நுழைந்து செல்லும் தறியின் பாகங்களான அச்சிலும் விழுதிலும் அப்படியே நிறுத்தி, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு முடிந்து இழுத்துக்கொள்கிறார்கள். பாவு பிணைத்தல் எனப்படும் இம்முறையால் ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் ஒவ்வொரு கண்ணிலும் கோக்கும் வேலை மிச்சமாகிறது. எழுதுபவரும் அவ்வாறே காட்சியை முற்றாக முடித்துவிட்டு எழாமல், அடுத்த வாக்கியம் இன்னதென்று தெரிந்திருக்கும் இடத்தில் நிறுத்தி, அடுத்து வரவேண்டியதைச் சில சொற்களில் கீழே குறித்துவிட்டு எழுந்தால், இரண்டு வாரம் கழித்து வரும்போதும் கதைக்குள் நுழைவது எளிதாகிறது.

நான்காவது, வடிவத்தைத் தேர்ந்துகொள்வது. வேலையில் இருப்பவர் சிறுகதையில் தொடங்குவது நல்லது. ஒரு கதையை முழுமையாக மனத்தில் வைத்துத் திருத்த முடிவதால், கைத்திறன் விரைவில் கூடுகிறது. நாவலுக்குச் செல்லும்போது தனித்தனியே எழுதக்கூடிய அத்தியாயங்களாகக் கட்டமைப்பது, துண்டுபட்ட நேரத்துக்கு ஒத்துப்போகும். வாசிப்பும் இதனோடு இணைந்ததே. அரசு கிளை நூலகமும் ஆண்டுதோறும் நடக்கும் திருப்பூர் புத்தகக் கண்காட்சியும் இலக்கிய அமைப்புகளின் கூட்டங்களும் இவ்வூர்களில் இருப்பவை. எழுதியதை வாசித்துக் காட்டி விமர்சனம் கேட்கும் இடமாக அக்கூட்டங்கள் பயன்படுகின்றன. சக எழுத்தாளரைக் காட்டிலும் கூர்மையான விமர்சனம் சக தொழிலாளியிடமிருந்து வருவதுண்டு. ஓவர்லாக், பேட்லாக் என்ற இருவகைத் தையல் மெஷின்களை மாற்றி எழுதிவிட்ட கதையை, அந்த மெஷினில் உட்கார்ந்தவர் மேற்கொண்டு நம்ப மாட்டார்.

ஐந்தாவது, பணியிடத்துக்கும் எழுத்துக்கும் இடையிலான அறம். மத்திய அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை, மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964, அலுவல் கெடாத வரையில் அவ்வப்போது இலக்கியப் பணியில் ஈடுபட முன்னனுமதி தேவையில்லை என்று இடமளிக்கின்றன. தனியார் நிறுவனங்களில் இப்படி எழுதிவைத்த விதி பெரும்பாலும் இருப்பதில்லை. முதலாளியின் மனப்போக்கே விதி. ஆகவே உடன் பணிபுரிபவரின் அந்தரங்கத்தை அப்படியே எடுத்து எழுதாமல், பலரிடம் கண்டதை ஒரு பாத்திரமாக்கி, ஒரு நிறுவனத்தைச் சுட்டாமல் ஒரு தொழிலின் போக்கையே சுட்டுவது எழுதுபவருக்குப் பாதுகாப்பு. கலைக்கும் அதுவே மேன்மை. ‘சாயத்திரை’ தனி ஓர் ஆலையின் கதையாக அமைந்திருந்தால் ஒரு புகாராகச் சுருங்கியிருக்கும். ஊரின் கதையாக அமைந்ததால், சாயக்கழிவை அறவே வெளியேற்றாத சாய ஆலைகளே இயங்கலாம் என்ற நிலையில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோதும் அது பொருந்தி நின்றது.

இவ்வழிமுறைகள் எல்லாம் பெண்களுக்கு வரும்போது இன்னொரு தடையைச் சந்திக்கின்றன. பனியன் கம்பெனியிலிருந்து வீடு திரும்பும் பெண்ணுக்குச் சமையலும் பாத்திரமும் பிள்ளைகளின் பாடமும் ஊதியமற்ற இன்னொரு ஷிப்டாகக் காத்திருக்கின்றன. ப. சிவகாமி 1980இல் ஆட்சிப் பணியில் சேர்ந்து, ‘பழையன கழிதலும்’ நாவலை 1989இல் வெளியிட்டதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஆனால் செக்கிங் மேசையிலிருந்து ஒரு பெண் நாவலாசிரியர் எழுந்து வருவதற்கு அவரது மன உறுதி மட்டும் போதாது. வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கணவரும், எழுதும் ஒரு மணி நேரத்தைப் பொழுதுபோக்காக எண்ணாத குடும்பமும் அவருக்கு வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதினால் என்ன என்ற எண்ணம் எழுதுபவர் எவருக்கும் ஒரு கட்டத்தில் வரும். அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றிய பின் அங்கிருந்து விலகி எழுத்தையே நம்பி வாழ்ந்தார். அந்த வாழ்வு பொருளாதார நெருக்கடி மிகுந்தது என்பது அவரது வாசகர்கள் அறிந்ததே. ஆயினும் அவர் விட்டுவந்த பணியே சினிமா உலகின் ஊழியர்களைப் பற்றிய ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்கு அடித்தளமாயிற்று. ஆகவே வேலையை விடுவதா வேண்டாமா என்பதைவிட, வேலையில் இருக்கும்போது கண்ணைத் திறந்துவைத்திருந்தோமா என்பதே எழுத்தைத் தீர்மானிக்கிறது. விட விரும்புபவர் குடும்பத்தின் ஒப்புதலையும் சில ஆண்டுச் செலவுக்கான சேமிப்பையும் உறுதிசெய்துகொண்டு விடுவதே நேர்மையானது.

தனிமனித ஒழுங்கினால் ஆகக்கூடியது இவ்வளவே. எஞ்சியது சமூகம் செய்ய வேண்டியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பிட்டு, அதற்கு மேற்பட்ட வேலைக்கு இருமடங்கு ஊதியம் வகுத்தது. திருப்பூரின் தொழிலாளர்கள் 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிக்கும் நேரத்துக்குமான இவ்வகைக் கோரிக்கைகளை இலக்கியத்தோடு தொடர்பற்றவை என்று ஒதுக்குவது பிழை. திருப்பூரைப் பற்றிய நல்ல நாவல்களை அதன் அருகிலிருந்தவர்கள் எழுதித் தந்துவிட்டார்கள். தறியையும் தையல் மெஷினையும் உள்ளிருந்து சொல்லும் நாவல் நிறைய வரவேண்டுமானால், அவற்றில் வேலை செய்பவர்களுக்கு மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பது காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். அது நடக்கும்வரை, கிடைத்த அரைமணி நேரத்தைக் காத்து எழுதும் ஒவ்வொரு தொழிலாளியின் பக்கமும் இலக்கிய அமைப்புகளும் பதிப்பாளர்களும் தேடிச் சென்று வாங்க வேண்டிய பக்கம்.